சிறு செலவு: கோந்த்வாவிலிருந்து மிதிவண்டியில்

‘செலவு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பணம் கரைவதை நாம் செலவு என்கிறோம். பழந்தமிழர் பயணத்தைச் செலவு என்றனர். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் முகம் கண்டு தயங்கி நிற்பதைச் ‘செலவழுங்குதல்’ என்று அகப்பொருள் இலக்கணம் கூறும். புனேயில் பயிலும் தமிழ் மாணவருக்கு இவ்விரு செலவும் பிணைந்தே வருகின்றன. கையில் பணம் குறைந்தால் அவர் செலவழுங்கி அறைக்குள் அமர்கிறார். நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கிறார். நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறு. பணம் குறையும்போதுதான் வெளியே செல்லவேண்டும். அதுவும் மிதிவண்டியில் செல்லவேண்டும்.

ஞாயிறு இரவில் அடுப்பு எரியாத விடுதிகள் பல. ஆராய்ச்சி உதவித்தொகை வரும் நாள் யாருக்கும் தெரியாது. பசி வரும் நேரம் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் கைப்பேசியைத் தட்டி உணவு வரவழைப்பது எளிதுதான். ஆனால் கடையில் ஒரு விலை, கைப்பேசியில் வேறொரு விலை என்பதைப் பலரும் கண்டிருப்போம். அதன்மேல் கொண்டுவரும் கூலி, அதன்மேல் வரி. இவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குறை வேறொன்று உண்டு. இந்நகரின் மலிவான, நல்ல உணவில் பெரும்பகுதி கைப்பேசிக்குள் இல்லவே இல்லை! அது தள்ளுவண்டியில் இருக்கிறது. சந்தைக்குப் பின்புறம் இருக்கிறது. உழைப்பவர் உண்ணும் இடத்தில், அவர் உண்ணும் நேரத்தில் மட்டும் இருக்கிறது. பேருந்தில் சென்றால் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே அதைத் தவறவிடுவோம். மோட்டார் வண்டியில் சென்றால் மணம் மூக்கை எட்டுமுன் தெருமுனையைக் கடந்திருப்போம். நடந்தால் ஒரு பேட்டையோடு கால் ஓய்ந்துவிடும். மணிக்கு 12 அல்லது 15 கிலோமீட்டர் செல்லும் மிதிவண்டிதான் மூக்கின் வேகத்துக்கும் வயிற்றின் வேகத்துக்கும் பொருந்துகிறது. நின்றால் அதை வைக்க இடம் தேட வேண்டியதுமில்லை.

நான் குடியிருப்பது கோந்த்வாவில். அறை வாடகை கட்டுபடியாகும் என்பதால் வந்து சேர்ந்தேன். நகரின் தென்கிழக்கே உள்ள மேட்டுநிலம் இது. பழைய ஊர்கள் இரண்டு: கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக். இவ்வடைமொழிகள் பாரசீகத்திலிருந்து மராட்டிக்கு வந்தவை. சிறிய கோந்த்வா, பெரிய கோந்த்வா என்பதே பொருள். ஊர்ப் பெயர்களோடு நாம் சின்ன, பெரிய என்று சேர்ப்பதில்லையா, அதைப் போன்றது. வயலாக இருந்த இடம் இன்று அடுக்குமாடியாக நிற்கிறது. கவுசர் பாக் பகுதியில் முஸ்லிம் குடும்பங்கள் மிகுதி. கேம்ப் பகுதியிலும் பழைய பேட்டைகளிலும் இடம் போதாமல் வந்தவர் பலர். படிக்க வந்த அரபு நாட்டு மாணவரும் ஆப்பிரிக்க மாணவரும் இங்கே தங்கி வாழ்ந்திருக்கின்றனர். ஓர் ஊரில் யார் வந்து தங்கினர் என்பதை மக்கள்தொகைக் கணக்கைக் காட்டிலும் அதன் அடுப்புகள் தெளிவாகச் சொல்லும்.

இருட்டிய பின் கவுசர் பாக் தெருக்களில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்கவேண்டும். ஏறி மிதிக்க இடம் இராது. கரி அடுப்பில் சீக் கபாப் சுழல்கிறது. அதை ரொட்டியில் சுற்றி வெங்காயமும் பச்சைச் சட்னியும் வைத்துத் தருகிறார்கள். அதுவே ஓர் இரவு உணவு. நோன்பு மாதத்தில் ஹலீம் கிடைக்கும். கோதுமை, பருப்பு, இறைச்சி மூன்றையும் மணிக்கணக்கில் வேகவைத்து மசித்த கூழ் அது. இதில் சிறிது அறிவியலும் உண்டு. விலை குறைந்த இறைச்சித் துண்டுகளில் இணைப்புத் திசு மிகுதி. அதிலுள்ள கொலாஜன் என்னும் புரதம்தான் இறைச்சியைக் கடிக்க முடியாமல் செய்வது. நீரில் நெடுநேரம் மெல்லிய சூட்டில் கிடந்தால் அது கரைந்து ஜெலட்டின் ஆகிறது. கடினமாயிருந்தது கொழகொழப்பாகிச் சுவை கூட்டுகிறது. ஏழையின் இறைச்சி விருந்தாக மாறுவது நேரம் என்னும் செலவால்தான். நிஹாரியின் கதையும் இதுவே. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் சாதி சமயம் பாராது ஊற்றிக் கொடுக்கும் நோன்புக் கஞ்சியை உண்டு வளர்ந்தவர்களுக்கு ஹலீம் புதிய பண்டமன்று, ஒன்றுவிட்ட உறவு.

மந்தி என்பது ஏமன் நாட்டிலிருந்து பரவிய சோறு. பெரிய தட்டில் சோறும் மேலே இறைச்சியுமாக வரும். அதைத் தனியாகச் சென்று வாங்குபவர் ஏமாளி. நால்வர் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்தால் ஆளுக்கு வரும் பங்கு மாணவர் கைக்கு அடங்கும். ஆகவே மந்திக்கு நான்கு மிதிவண்டி வேண்டும்!

“கோந்த்வாவா? அந்தப் பக்கமெல்லாம் எதற்குப் போகிறாய்?” என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. கேட்பவர் ஒருமுறையும் அங்கே போனவரல்லர். இதை நான் விசாரித்தே எழுதுகிறேன்.

இனி நகருக்குள் இறங்குவோம். லுல்லாநகர் கடந்து கேம்ப் வரை பெரும்பாலும் சரிவு. கேம்பில் ஈரானியர் வைத்த அடுமனைகளும் தேநீர்க் கடைகளும் புகழ்பெற்றவை. ஈஸ்ட் தெருவில் 1955-இல் தொடங்கிய கயானி அடுமனையின் ஷ்ரூஸ்பரி பிஸ்கோத்துக்கு மக்கள் வரிசையில் நிற்பதைக் காணலாம். டெக்கான் ஜிம்கானாவில் 1935-இல் தொடங்கிய குட்லக் கடையில் வெண்ணெய் தடவிய பன்னும் தேநீரும் உண்டால் ஒரு பிற்பகல் தாங்கும். இவை எல்லோரும் அறிந்தவை, நீட்டவில்லை.

ஆனால் ‘பாவ்’ என்னும் சிறு ரொட்டியைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். போர்த்துகீசியர் ரொட்டிக்கு இட்ட பெயர் மேற்குக் கடற்கரையில் ‘பாவ்’ ஆயிற்று. அதே சொல் இலங்கையில் ‘பாண்’ ஆயிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழர் காலையில் வாங்கும் பாணும் புனேத் தொழிலாளி மாலையில் கடிக்கும் பாவும் சொல்லால் உடன்பிறந்தவை. அந்தப் பாவின் நடுவே நம் உருளைக்கிழங்கு போண்டாவின் தம்பியை வைத்தால் வடா பாவ். 1966-இல் மும்பை தாதர் நிலையத்தருகே அசோக் வைத்யா என்பவர் தொடங்கிவைத்தார் என்பர். தட்டு வேண்டாம், மேசை வேண்டாம், நின்றபடி உண்ணலாம். ஆலைக்கு ஓடுபவருக்காகப் பிறந்த உணவு மாணவருக்குப் பொருந்தாமல் போகுமா?

பழைய நகரின் பேட்டைகளுக்குக் கிழமைகளின் பெயர்கள்: சனிவார், சோமவார், புதவார் என்று ஏழு கிழமைக்கும் பேட்டை உண்டு. அச்சந்துகள் மிதிவண்டிக்கென்றே அளந்து விட்டவை போல் இருக்கும். அங்கே காலை உணவின் அரசன் மிசல். மட்கி என்னும் சிறு பயற்றை முளைகட்டிக் காரக் குழம்பாக்கி, மேலே மிக்சரும் வெங்காயமும் தூவி, எலுமிச்சைத் துண்டும் பாவும் வைத்துத் தருவர். புனேக்காரர் அவலும் சேர்ப்பதுண்டு. குழம்பின் காரநீருக்குக் ‘கட்’ என்று பெயர். குறைந்தால் மீண்டும் கேட்கலாம். முளைகட்டும்போது பயற்றில் வைட்டமின் சி தோன்றுகிறது; இரும்புச் சத்தைக் கட்டிவைக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. மேலே பிழியும் எலுமிச்சை அந்த இரும்பு உடலில் சேர உதவுகிறது. யாரும் ஆய்வுக்கூடத்தில் கண்டு அமைத்ததன்று. ஆயினும் இதைவிட நன்றாக அமைப்பது கடினம். நாராயண் பேட்டையில் பேடேகர் கடையும், துளசிபாகில் ஸ்ரீகிருஷ்ண பவனும் இதற்குப் பெயர்போனவை. காலையிலேயே செல்க. பிற்பகலில் பேட்டைக் கடைகள் கதவடைத்து உறங்குவது புனேயின் பழைய வழக்கம். அதைப் பற்றி இவ்வூரார் தாமே சொல்லிச் சிரித்துக்கொள்வர்.

நான் எல்லோரையும் அழைத்துச் சென்று காட்ட விரும்பும் உணவு இவற்றில் எதுவுமன்று. அது ‘கஷ்டாச்சி பாக்கர்’. உழைப்பின் ரொட்டி என்று பொருள் கொள்ளலாம். மூட்டை சுமப்போரின் சங்கமான ஹமால் பஞ்சாயத்து, பாபா ஆடாவ் அவர்களின் முயற்சியால் 1974-இல் தொடங்கியது. 1972-இல் மராட்டிய நாட்டைக் கடும் வறட்சி வாட்டியது. கிராமம் விட்டு வந்து நகரத்தில் மூட்டை தூக்கியவர்கள், தூக்கிய கூலியில் வயிறார உண்ண முடியாதிருந்தனர். இலாபமும் வேண்டாம், நட்டமும் வேண்டாம் என்னும் கணக்கில் அவர்களுக்காகச் சங்கமே சமைத்தது. பெண்கள் கையால் தட்டிய பாக்கரி, காய்கறி, பருப்பு. இது தருமச் சாப்பாடு அன்று. உண்பவர் காசு கொடுத்து உண்கிறார். தலை நிமிர்ந்து உண்கிறார்.

பாக்கரி சோளத்திலோ கம்பிலோ செய்வது. கோதுமையில் உள்ள குளூட்டன் இவற்றில் இல்லை. ஆகவே மாவு இழுபடாது, குழவியால் தேய்த்தால் விரிந்து உடையும். வெந்நீர் ஊற்றிப் பிசைந்தால் மாவுப்பொருள் சிறிது வெந்து பசையாகும். அந்தப் பசையை நம்பி, உள்ளங்கையால் தட்டித் தட்டி வட்டமாக்குகிறார்கள். பள்ளிக்கூடம் சென்றறியாத ஒரு மூதாட்டி கண் பாராமல் இதைச் செய்வதைக் கண்டால் நம் செய்முறைத் தேர்வுகள் நினைவுக்கு வந்து நாணம் உண்டாகும்.

தமிழ்நாட்டில் 2013-இல் அம்மா உணவகம் வந்தபோது ஒரு ரூபாய் இட்லியை நாடே வியந்தது. மராட்டிய அரசு 2020 சனவரியில் பத்து ரூபாய்க்குச் ‘சிவ போஜன்’ உணவைத் தொடங்கியது. அவை அரசின் கைகள். 1974-இல் சுமை தூக்கும் தொழிலாளர் சங்கம் தன் கையாலேயே செய்தது என்பதுதான் என் மனத்தை விட்டு நீங்காத செய்தி. மாதக் கடைசியில் பட்டினி கிடக்கும் நம்மவரிடம் சங்கம் இல்லையா என்ன? இந்த இதழை நடத்துவதே ஒரு சங்கம்தானே! மாதக் கடைசி ஞாயிறு இரவுக்கு ஒரு பொதுச் சமையலை அது எண்ணிப்பார்க்கலாம்.

மராட்டியர் நோன்பு நாளில் உண்பது சாபுதானா கிச்சடி. நம் சவ்வரிசியை ஊறவைத்து, நிலக்கடலைப் பொடியும் பச்சை மிளகாயும் சீரகமும் சேர்த்துக் கிளறியது. அதைத் தட்டில் கண்டதும், “என்ன புதுப் பண்டம்!” என்று வியந்த சேலத்து நண்பரை நான் அறிவேன். அந்த மூட்டை அவர் ஊரிலிருந்தே வந்திருக்கக்கூடும்! இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து சவ்வரிசி வருவது நின்றது. 1940களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினர். 1981-இல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. 2023-இல் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. நம் மாவட்டத்து உழவர் விளைவிக்கிறார். ஏகாதசியன்று புனேப் பாட்டி உண்டு நோன்பைக் காக்கிறார். பெர்குசன் கல்லூரிச் சாலையில் மாணவர் மொய்க்கும் வைசாலிக்கு முன்னாளில் ‘மதராஸ் ஹெல்த் ஹோம்’ என்றே பெயர். நடத்தியவர் கன்னட நாட்டிலிருந்து வந்த ஜகந்நாத் ஷெட்டி. பெயர் மதராஸ், கை கன்னடம், நாக்கு மராட்டி!

இத்தனையும் கூறியபின் வழியைப் பற்றியும் கூறவேண்டும். ஒரு காலத்தில் புனே மிதிவண்டிகளின் நகரம் என்றே அழைக்கப்பட்டது. ஆலைக்கும் கல்லூரிக்கும் காய்கறிச் சந்தைக்கும் மிதித்தே சென்றனர். பிறகு ஸ்கூட்டர் வந்தது. மிதிவண்டி ஓரத்துக்குப் போயிற்று. இன்று அந்த ஓரத்தையும் கார்கள் பிடித்துக்கொண்டன. 2017 டிசம்பரில் மாநகராட்சி விரிவான மிதிவண்டித் திட்டம் ஒன்றை ஏற்றது. போட்ட பாதைகளில் சில இடங்களில் கடைகள் நிற்கின்றன. சில இடங்களில் பாதை ஒரு மரத்தின் முன் முடிகிறது. காத்ரஜ்–கோந்த்வா சாலையில் பெரிய லாரிகள் ஓடுகின்றன. உயிர்கள் போன சாலை அது. கபாபுக்காகவும் அதில் இரவில் மிதிக்க வேண்டாம். லுல்லாநகர் வழியே செல்க. பின்விளக்கு இல்லாமல் புறப்பட வேண்டாம். புதுவண்டி வாங்காதீர்கள், பழைய வண்டியும் நல்ல பூட்டும் போதும்.

திரும்பும்போது ஏற்றம் உண்டே என்று அஞ்சுவோருக்கு ஒரு கணக்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 75 கிலோ. ஏற வேண்டியது 60 மீட்டர் என்று கொள்வோம். அதற்கு வேண்டிய வேலை ஏறத்தாழ 44 கிலோஜூல். நம் தசை உண்ட ஆற்றலில் கால் பங்கையே வேலையாக மாற்றும். ஆகவே உடல் செலவிடுவது 176 கிலோஜூல், அதாவது 42 கிலோகலோரி. உராய்வையும் காற்றையும் விட்டுவிட்டால் இது இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. பித்தளைப் பாத்திரத்தில் ஏலமும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் காய்ச்சும் தேநீர்க் கடைகளுக்கு இவ்வூரில் ‘அம்ருததுல்ய’ என்று பெயர். அமுதுக்கு நிகர் என்று பொருள். அவர்கள் ஒரு கோப்பைக்கு அந்த இரண்டு கரண்டியைத் தாராளமாகவே போடுகிறார்கள். ஏற்றத்துக்கு முன்பே அப்படி ஒரு கடை இருக்கிறது. நான் அங்கே இறங்கிக் குடித்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.