கடைசியாகத் தூங்குகிறவர்

சாரணர் முகாமின் பாதுகாப்பு விதிகள் யாருக்காக? கரிசல் காட்டிலிருந்து ஒரு விளக்கம்

கோடையில் கரிசல் காட்டில் கூடாரம் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முளை நிற்காது. வெடித்துக் கிடக்கும் மண்ணில் எங்கே அடித்தாலும் வெடிப்பு அதை வாங்கிக்கொள்ளும். அதே மண் ஒரு மழை கண்டால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. அருப்புக்கோட்டையிலிருந்து குண்டாற்றங்கரைத் திருச்சுழி வரை முகாம் போட நினைக்கும் எந்தப் பள்ளியும் முதலில் படிக்க வேண்டியது இந்தத் தரையைத்தான்.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது சொச்சம் சிறுவர்களை வைத்து பேடன் பவல் நடத்திய முகாம்தான் சாரணர் இயக்கத்தின் தொடக்கம். 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். பிரிந்து கிடந்த அமைப்புகள் 1950 நவம்பர் 7-ல் ஒன்றாகி பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. அதன் வைரவிழா பெருந்திரளணி 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் நடந்தபோது 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள்.

அப்படிப்பட்ட திரளுக்கு அரசே பின்னால் நிற்கும். நம் ஊர்ப் பள்ளி முகாம் வேறு மாதிரி. முப்பது பிள்ளைகள், மூன்று நாள், இரண்டு மூன்று பொறுப்பாசிரியர்கள், ஒரு சமையல்காரர். விதிகள் பிள்ளைகளை அடக்கி வைக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றாம் நாள் இரவு, கண் செருகும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கும் அந்த ஆசிரியருக்காகவும் அவை எழுதப்பட்டிருக்கின்றன. களைத்த மூளை யோசிக்காது. பழக்கமான விதி அதற்காக யோசித்து வைத்திருக்கும்.

வெயில்

2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமங்கம் என்ற இடத்தில் உலகச் சாரணர் பெருந்திரளணி கூடியது. வந்தவர்கள் சுமார் 43 ஆயிரம் பேர். கடலைத் தூர்த்து எடுத்த நிலம். ஒதுங்க மரநிழல் இல்லை. வெப்பம் 35 டிகிரியை ஒட்டியதுமே நூற்றுக்கணக்கானோர் மருத்துவ உதவிக்கு வந்தார்கள். பிரிட்டன், அமெரிக்கக் குழுக்கள் பாதியிலேயே வெளியேறின. பிறகு புயல் எச்சரிக்கை வந்து முகாமே காலியானது. நம் பக்கத்துக் கோடைக்கு 35 டிகிரி பெரிய கணக்கில்லை. ஆனால் அங்கே பிள்ளைகளைச் சாய்த்ததில் நிழலற்ற தரைக்கும் பங்கு உண்டு. சீமைக் கருவேல முள்ளைத் தவிர வேறு மரம் அரிதாகிவிட்ட நம் வெட்டவெளிகளுக்கும் அது பொருந்தும். தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது.

ஆகவே இங்கே முகாமின் முதல் விதி கடிகாரத்தில் இருக்க வேண்டும். காலை 11 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளிப் பயிற்சி கூடாது. முடிச்சு போடுவதும் முதலுதவி படிப்பதும் கூரையடியில். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மணியடித்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மோர், கம்மங்கூழ், நீராகாரம் எல்லாம் இந்த மண்ணின் பழைய மருந்துகள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைவசம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கலாம். உடம்பு கொதிக்க ஒரு பிள்ளை உளறினாலோ தள்ளாடினாலோ அதை வெறும் களைப்பு என்று படுக்க வைக்கக் கூடாது. உடனே நிழலுக்குத் தூக்கி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

தரை, தண்ணீர், இடி

வெடிப்புகளும் விறகுக் குவியலும் தேளுக்கும் பாம்புக்கும் வீடு. சுருட்டை விரியன் வறண்ட நிலத்துப் பாம்பு. கட்டு விரியன் இரவில் வரும். தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. அதனால்தான் பாய்க்கு அடியில் கொசுவலையைச் செருகிக்கொண்டு தூங்கு, இருட்டில் டார்ச் இல்லாமல் எழுந்து போகாதே, காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடு என்று மூன்று வரி எழுதி வைக்கிறார்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் ஆகாது. கடிபட்ட கையையோ காலையோ கட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு வைப்பது முகாமுக்கு முந்திய வாரத்து வேலை.

கண்மாய் வற்றியிருந்தாலும் மண் அள்ளிய குழிகள் வற்றுவதில்லை. மேலே முழங்கால் ஆழம், அடுத்த அடியில் ஆளை விழுங்கும் ஆழம். முகாமில் கண்மாய், கிணற்றுக் குளியல் அறவே கூடாது. ஒருவன் விழுந்துவிட்டால் கம்பை நீட்டு, கயிற்றை வீசு, காலிக் குடத்தைத் தள்ளிவிடு, நீ குதிக்காதே. இதைச் சொல்லிக்கொடுத்தால் போதாது, தரையிலேயே செய்து பழக்க வேண்டும்.

கரிசல் சமவெளியில் உயர்ந்து நிற்பது பனைதான்; இடி தேடி வருவதும் அதைத்தான். இடிச் சத்தம் கேட்டால் மரத்தடியும் கூடாரமும் ஆகாது, கான்கிரீட் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியாமல் வெளியே வரக் கூடாது. ஓடினால் எட்டும் தூரத்தில் பள்ளிக் கட்டடம் இல்லாத இடத்தில் முகாம் போடாமல் இருப்பதே மேல்.

மனிதரிடமிருந்து

பாம்பைவிடப் பேசக் கூசும் ஆபத்து ஒன்று உண்டு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படையின் பெயரைச் சொல்லி ஒரு போலி முகாம் நடந்தது. அங்கே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். தேசிய மாணவர் படைக்கும் அந்த முகாமுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. விஷயத்தை மறைத்ததாகப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். அமெரிக்காவில் சாரணர் அமைப்பின் மீது 82 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இத்தகைய புகார்களோடு இழப்பீடு கேட்டார்கள். வழக்குகளின் சுமையில் 2020-ல் அந்த அமைப்பு திவால் மனு போட்டது.

உலகெங்கும் சாரணர் இயக்கம் இதிலிருந்து கற்றது இருவர் விதி. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் ஒதுக்குப்புறத்தில் தனியாக இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு பெரியவர்கள் எப்போதும் கண்ணில் பட வேண்டும். பிள்ளைகளின் கூடாரத்தில் பெரியவர் படுக்கக் கூடாது. சாரணியர் இருந்தால் பெண் ஆசிரியர்கள் கட்டாயம். நேர்மையான ஆசிரியருக்கும் இந்த விதி காவல்தான். குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாதவருக்கு போக்சோ சட்டம் 2012-ன்படி சிறை உண்டு. பிள்ளைகள் தாங்களே அழைக்க 1098 என்ற எண்ணைக் கொடிக் கம்பத்தருகே எழுதி வைக்கலாம்.

பொறுப்பாசிரியரின் நாள்

சாரணப் பொறுப்பு தன்னார்வப் பணி. அதற்கென்று தனிச் சம்பளம் இல்லை. கணக்கோ தமிழோ நடத்தும் ஆசிரியர் கூடுதலாகத் தலையில் ஏற்றிக்கொள்வது. விடியுமுன் எழுந்து அடுப்படியைப் பார்க்க வேண்டும். உடற்பயிற்சி, கூடாரச் சோதனை, கொடியேற்றம். சோறு வெந்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் அவர் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் தலை எண்ண வேண்டும். ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட அணி, அதற்கொரு அணித்தலைவர் என்ற பழைய ஏற்பாடு இங்கேதான் கைகொடுக்கிறது: முப்பது தலையை எண்ணும் இடத்தில் நான்கு தலைவர்களைக் கேட்டால் போதும். இரவு கேம்ப் ஃபயர் முடிந்து நெருப்பில் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கையால் தொட்டுச் சூடு போனதா என்று பார்த்த பிறகும் வேலை ஓயாது. வீட்டு நினைப்பில் அழுகிறவன், வயிற்றுவலிக்காரி, போன் செய்யும் பெற்றோர்.

இப்படி மூன்று நாள் ஓடினால் நான்காவது தலையை எண்ணும்போதே கணக்கு தப்பும். ஆகவே ஆசிரியரின் தூக்கமும் ஒரு பாதுகாப்பு விதிதான். இரவுக் காவலுக்கு முறை போட வேண்டும். காவல் இருந்தவர் மறுநாள் பகலில் படுக்க வேண்டும். ஆள் போதாதென்றால் பெற்றோரை அழைக்கலாம், அல்லது முகாமின் நாளைக் குறைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்கிறார் என்று நாம் மெச்சும் முகாம்தான் உண்மையில் பயப்பட வேண்டிய முகாம்.

பிள்ளையை அனுப்பும் முன் பெற்றோர் சிலவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. முகாம் எந்த அமைப்பின் பெயரில் நடக்கிறது, மாவட்டச் சாரண அமைப்புக்கும் கல்வித் துறைக்கும் அது தெரியுமா? அவசரத்துக்கு வண்டி நிற்குமா? பிள்ளைக்கு உள்ள ஒவ்வாமையையும் மருந்தையும் யார் குறித்து வைத்திருக்கிறார்கள்? இவற்றை இப்போது பலரும் கேட்கிறார்கள். யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "ராத்திரி யார் முழிச்சிருப்பாங்க சார்? அவங்க எப்போ தூங்குவாங்க?"