‘ஆக்கிரமிப்பு’ என்றொரு சொல்: சென்னை விரிந்த விதம் குறித்துச் சில குறிப்புகள்

1

இதை நான் எழுதிக்கொண்டிருக்கிற வீடு ஓர் உபரிநீர் வாய்க்கால்மேல் நிற்கிறது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. தாம்பரத்துக்குக் கிழக்கே, ஓர் ஏரியின் ஆயக்கட்டாக இருந்த நிலத்தில் 1998இல் மனை வாங்கினேன். ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு சார், பயப்படாதீங்க’ என்றார் தரகர். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துக்குக் கிடையாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நகரத்துக்குள் வாங்க வசதியில்லை. வாடகை கொடுத்து மாளவில்லை. வாங்கிவிட்டேன்.

2015 டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த கையோடு குடியிருப்போர் சங்கம் கூடி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது: ஏரிக்கரைக் குடிசைகளை அகற்ற வேண்டும். நானும் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷத்தில் லாரிகள் வந்தன. சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: ‘நாங்க கரை மேலதான சார் இருந்தோம்? தண்ணி போற வழியில யாரு இருக்காங்க?’ பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். பிற்பாடு கிராம வரைபடத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபோது எங்கள் தெருவின் குறுக்கே வாய்க்கால் கோடு ஓடியது.

2

‘மக்கள் பெருகினார்கள், நகரம் வீங்கியது’ என்று ஏதோ இயற்கை நிகழ்வைப்போலச் சொல்வது வழக்கம். சென்னையின் விளிம்பில் நடந்தது வேறு. செங்கல்பட்டு வட்டாரம் ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரிநீர் அடுத்த ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. தென்சென்னைப் புறநகரின் பல ஏரிகளுக்குக் கடைசி வடிகால் பள்ளிக்கரணைச் சதுப்பு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், பிறகு கடல்.

இந்தச் சங்கிலியில் முதலில் அறுந்தது ஏரி அல்ல, வயல். விவசாயம் கட்டுப்படியாகாத நிலையில், மனை விலை நெல் விலையை எப்போதோ தாண்டிவிட்ட நிலையில், ஆயக்கட்டு பிளாட்டுகளாகிறது. வயல் போனால் மதகுக்கு வேலையில்லை. மதகைத் திறப்பவர் இல்லை, வாய்க்கால் தூர்வாருபவர் இல்லை. பாசனம் போன ஏரி ‘உபயோகமற்ற’ ஏரியாகிறது. உபயோகமற்றதன் மேல் பேருந்து நிலையம் வரும், அரசு அலுவலகம் வரும், குடியிருப்பு வரும். ஆக, ஏரி சாவதற்கு முன்பே அதன் சமூகம் செத்துவிடுகிறது. அந்தச் சமூகத்திலும் நிலமும் நீரும் சாதிப்படியேதான் பங்கிடப்பட்டன. அதைப் பொற்காலமாக்குவது என் நோக்கமல்ல. ஆனால் நீரின் வழியைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் இருந்தார்கள். இப்போது இல்லை.

3

இதைச் செய்தது தனியார் பேராசை மட்டும்தானா? இல்லை. தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியை வடித்து எடுத்த நிலத்தில் உருவானது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு உண்டு, லேக்தான் இல்லை. முகப்பேரில் ஒரு பகுதிக்குப் பெயரே ‘ஏரி ஸ்கீம்’. நகரம் தன் குற்றத்தை மறைக்கக்கூட இல்லை. பெயர்ப்பலகை எழுதி மாட்டியிருக்கிறது.

சதுப்பு நிலமோ இன்னும் எளிதில் பலியானது. நெல் விளையாத, பட்டா இல்லாத, வரி தராத நிலத்துக்கு வருவாய்த்துறை அகராதியில் மரியாதை கிடையாது. நீரை வாங்கி வைத்திருந்து மெல்ல விடுவது என்கிற அதன் வேலை எந்தப் பதிவேட்டிலும் வேலையாகக் கணக்கில் வரவில்லை. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணையில் பெருங்குடிக் குப்பைமேடு வந்தது, சாலை வந்தது, ரயில் வந்தது, கல்வி நிறுவனங்களும் கணினி நிறுவனங்களும் வந்தன. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 1,247 ஹெக்டேர்.

சட்டத்தையும் பார்ப்போம். நகர ஊரமைப்புச் சட்டம் 1971இலேயே வந்தது. சென்னைக்கு முதல் முழுமைத் திட்டம் 1975இல், இரண்டாவது 2008இல். இடையில் 1998இல் அதே சட்டத்தில் 113-ஏ என்கிற பிரிவு நுழைந்தது: விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம். 2016இல் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்ய உயர்நீதிமன்றம் தடை போட்டது. 2017இல் அவற்றுக்கும் வரன்முறை விதிகள் வந்தன. நான் 2018இல் பணம் கட்டி ரசீது வாங்கினேன். இதற்கு நடுவில் 2007இல் வந்தது ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்புகளை அகற்றும் சட்டம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். கட்டணம் கட்ட முடிந்தவரின் மீறல் ‘விலகல்’. முடியாதவரின் இருப்பு ‘ஆக்கிரமிப்பு’. தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

4

வீட்டுப் பிரச்சினை பற்றி 1872இல் எழுதிய எங்கெல்ஸ், முதலாளியம் அதைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது என்று வாதிட்டார். கூவம், அடையாறு கரைகளிலிருந்து ‘சுற்றுச்சூழலைக் காப்பாற்ற’ அகற்றப்பட்ட மக்கள் எங்கே போனார்கள்? பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர். அதாவது, அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரங்களுக்கு. வேலை நகரத்தில், படுக்கை சதுப்போரத்தில். இப்படியாக ஆற்றை மீட்கும் சொல்லாடலே சதுப்பை விழுங்கும் கருவியாகிறது. வெள்ளம் வந்தால் முதலில் நனைபவர்களும் அதே மக்கள்தான்.

விளைவுகளைத் தனித்தனிப் பட்டியலாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளமும் வறட்சியும் இங்கே ஒரே நோயின் இரண்டு முகங்கள். மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழை சிமெண்டுமேல் ஓடித் தெருவை நிறைக்கிறது. இறங்காததால் கோடையில் கிணறு வற்றுகிறது. 2015இல் மூழ்கிய அதே நகரத்துக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரித் தண்ணீர் இன்னும் தள்ளியிருக்கிற கிராமத்துக் கிணற்றிலிருந்து வருகிறது. அங்கே பம்புசெட் வறள்கிறது, வயல் தரிசாகிறது, தரிசில் மனைக்கல் நடுகிறார்கள். கடலோரத்திலோ உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே ஏறுகிறது. வீடு தூரமாகத் தூரமாக வண்டி, பெட்ரோல், அகலச் சாலை. அந்தச் சாலை ஓரத்தில் அடுத்த மனைப்பிரிவு. விரிவாக்கம் தன் காரணத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது.

5

2022இல் சென்னைப் பெருநகரப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. திட்டமிட்ட வளர்ச்சிக்காக என்கிறார்கள். இருக்கட்டும். அந்தப் பரப்புக்குள் இன்னும் கலங்கல் வழிகிற ஏரிகளும் நாற்று நடுகிற ஆயக்கட்டுகளும் இருக்கின்றன. மனை வரைபடம் போடும் முன் நீர் வரைபடம் போடப்படுமா, அகற்றுவதென்றால் பெரிய கட்டடத்திலிருந்து தொடங்குவார்களா என்பதுதான் கேள்வி.

சென்ற வருஷம் சங்கக் கூட்டத்தில் அந்தக் கிராம வரைபடத்தை விரித்து வைத்தேன். ‘நம்ம வீட்ட நாமளே இடிக்கச் சொல்றீங்களா சார்?’ என்று செயலாளர் கேட்டார். இல்லை, தெருவோரமாக வாய்க்காலைத் திரும்பத் திறக்க ஆளுக்கு மூன்றடி விடலாம் என்றேன். காம்பவுண்டு சுவரை யார் முதலில் இடிப்பது என்பதில் பேச்சு நின்றுவிட்டது. என் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மழைக்கு முன் இடித்துவிட வேண்டும். கரையிலிருந்து போனவர்களுக்கு அது எந்த விதத்திலும் பதிலாகாது என்பது எனக்குத் தெரியும்.