டர்போ எஞ்சினின் பிரீதர்

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரிந்த வாயுவில் சிறிதளவு அவற்றைக் கடந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கும். மெக்கானிக்குகள் சொல்லும் ‘பேக் கம்ப்ரஷன்’ இதுவே. டர்போ எஞ்சினில் சிலிண்டர் அழுத்தம் கூடுதல் என்பதால் இந்தக் கசிவும் கூடும். டர்போவின் ஷாஃப்ட் வழியாகவும் காற்று கசிந்து ஆயிலோடு இறங்கும். இன்னோவா போன்ற டர்போ டீசல் வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

டாப்பெட் கவரிலிருந்து புறப்படும் பிரீதர் ஹோஸ், இந்த வாயுவை டர்போ காற்றை உறிஞ்சும் பக்கத்தில் சேர்த்து மறுபடி எரியவிடுகிறது. வழியிலுள்ள தடுப்புத் தகடுகளில் மோதும் ஆயில் துளிகள் சம்ப்புக்கே வடிகின்றன. தப்பியவை டர்போவைக் கடந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் அடியில் தேங்கும். மெல்லிய ஆயில் படலம் பழுதல்ல. குட்டையாகத் தேங்கினால் கவனிக்க வேண்டும்.

ஹோஸ் அடைத்தால் உள்ளழுத்தம் ஏறி, ஆயில் சீல்கள் கசியும். டர்போவிலிருந்து ஆயில் வடிவதும் தடைபடும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கும்போது லேசான புகை வருவது இயல்பு. விட்டுவிட்டுப் பலமாக ஊதினால் ரிங் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம்.

ஹோஸைக் கழற்றித் தரையை நோக்கித் தொங்கவிடுவது தீர்வாகாது. நச்சு வாயு தெருவில் கலக்கும். கசிவோ புகையோ கண்டு எஞ்சினைப் பிரிக்குமுன், ஹோஸ் அடைத்திருக்கிறதா என்று சோதியுங்கள்.