உதடு கூடிய பின்னும் எஞ்சும் இடைவெளி

பிளவுற்ற உதட்டுடன் பிறந்த குழந்தையைக் கொணரும் தாய், பல வேளைகளில் குழந்தையைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. “கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டேன், டாக்டர்” என்கிறார். அவர் கூறாவிடில் உடன்வந்த மாமியார் கூறுகிறார். மேலுதடு கருவின் நான்காம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இடையே உருவாகிவிடுகிறது. தாம் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அறிவதே அந்நாள்களில்தான். மரபணுக்கள், சில மருந்துகள், புகையிலை ஆகியவற்றுக்குப் பங்கிருக்கலாம். பெரும்பாலும் இன்னதுதான் காரணம் என்று சுட்ட இயலாது. கிரகணத்திற்கு இதில் யாதொரு பங்கும் இல்லை. இதனை மாமியாரையும் அருகில் அமர்த்திக்கொண்டே நாங்கள் கூறுவது வழக்கம்.

உதட்டினை மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தினை ஒரு வயதையொட்டியும் சீர்செய்கிறோம். முகம் திருந்தி, பேச்சும் வந்தபின் பல குடும்பங்கள் வருவதை நிறுத்திவிடுகின்றன. எங்கள் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

இக்குழந்தைகளுள் பலருக்குப் பற்களைத் தாங்கும் மேலீற்றின் எலும்பும் பிளந்தே இருக்கும். மேலே தசையும் தோலும் கூடிவிட்டமையால் வெளியே தெரிவதில்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதில் முளைக்கவேண்டிய நிலையான கோரைப்பல்லுக்கு இறங்கி வர எலும்பு வேண்டும். ஆகவே பெரும்பாலும் எட்டு முதல் பதினொரு வயதுக்குள், அப்பல்லின் வேர் பாதியளவு வளர்ந்திருப்பதை எக்ஸ்ரேயில் கண்டு, குழந்தையின் இடுப்பெலும்பிலிருந்து சிறிது மென்பகுதியை எடுத்து அவ்விடைவெளியில் நிரப்புகிறோம். 1972-இல் பாய்ன், சாண்ட்ஸ் என்னும் இருவர் எழுதிய கட்டுரைக்குப் பின் இம்முறை உலகெங்கும் பரவிற்று. நிரப்பிய எலும்பின் ஊடே பல் இறங்கும். இறங்கிய பல்லே அவ்வெலும்பு கரையாமல் காக்கும். பல் முளைத்த பின்னர்ச் செய்தால் இப்பலன் குறைகிறது. சிலருக்கு முன்னதாகச் சில மாதங்கள் கம்பி பொருத்தி மேல்தாடையை விரிக்கவேண்டியிருப்பதால், ஏழு வயதிலேயே பார்ப்பது நலம்.

“இடுப்பிலிருந்து எடுத்தால் பிள்ளை நொண்டுமா?” என்பது தந்தையரின் கேள்வி. சில நாள்கள் வலியிருக்கும், நடை சற்றுச் சாயும், பின்பு சரியாகிவிடும். ஓட்டமும் விளையாட்டும் மட்டும் சில வாரங்கள் கூடாது.

மேல்தாடை பின்தங்கியே வளரும் சிலருக்கு, வளர்ச்சி முடிந்தபின் தாடையை முன்நகர்த்தும் அறுவை தேவைப்படலாம். அதனை இப்போதே எண்ணி அஞ்சவேண்டா.

சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் கடலுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு ஒருநாள் மருத்துவமனை என்பது ஒருநாள் வருவாய் இழப்பு என்பதை அறிவோம். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு உதடு, அண்ணப் பிளவுகளுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றி உண்டு. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பழைய அறுவையைப் பற்றித் தவறாது கூறுங்கள்.

பிள்ளை மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தால் இவ்வாண்டே அழைத்து வாருங்கள். பழைய டிஸ்சார்ஜ் தாள் இருந்தால் கொணருங்கள். மழையிலோ வீடு மாறும்போதோ தொலைந்திருப்பினும் தயங்காது வாருங்கள்.