ஆதிச்சநல்லூர்ப் பறம்பின் ஆயுதங்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரவருணியின் தென்கரையில், ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்பில் மேடிட்டுக் கிடக்கும் ஆதிச்சநல்லூர்ப் பறம்பை 1876-இல் ஜெர்மானியரான யாகோரும், 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்ஸாண்டர் ரீயும் அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளின் உள்ளும் புறமும் வாள், குத்துவாள், வேல், அம்பு முதலிய இரும்பாயுதங்கள் ஏராளமாய் வெளிப்பட்டன. அவை முனை கீழ்நோக்கியே நின்றமையால், இறந்தோனை அடக்கம் செய்ய வந்த பந்துக்கள் அவற்றை மண்ணில் குத்தி நிறுத்தியிருக்க வேண்டும் என்று ரீ அனுமானித்தார். யுத்தத்தையே ஜீவனமாகக் கொண்ட கூட்டத்தார்க்கு இதனினும் கம்பீரமான மரியாதை வேறென்ன இருக்க முடியும்?

போர்க்குடிகளின் ஆயுதங்கள் வேறு விதமாகவும் நினைவில் நிறுத்தப்பட்டதுண்டு: கி.பி. 106-இல் ரோமரிடம் வீழ்ந்த டேசியர் என்னும் குடியினரின் வளைந்த வாளை, வென்ற பகைவரே டிராஜன் தூணில் சிற்பமாய்ச் செதுக்கி வைத்தனர். பொருநை எனப்படும் தாமிரவருணியின் கரை வீரனுக்கு அத்தகைய சித்திரம் வாய்க்கவில்லை. அவன் கையிலிருந்த இரும்பும், நெற்றியில் கட்டிய மெல்லிய பொற்பட்டமுமே எஞ்சின. இங்கே கிடைத்த வெண்கலச் சேவலையும் வேலையும் இணைத்து முருக வழிபாடு என்று சிலர் முடிவு கட்டுவது சற்று அவசரம் என்றே தோன்றுகிறது. ஆயுதங்களோடு மண்வெட்டியும், கலங்களில் நெல்லுமியும் இருந்தன என்பதையும் மறத்தலாகாது. ரீ கண்டெடுத்தவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். யாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின.