தீவு எங்கே, தாத்தா?

சென்ற கோடையில் தேவதானப்பட்டியிலிருந்து ஸ்ரீரங்க யாத்திரை புறப்பட்டோம். திருச்சியில் காவேரிப் பாலத்தைப் பஸ் தாண்டியதும், "தீவு என்றீர்களே தாத்தா, எங்கே?" என்று கேட்டான் பேரன். பாலத்தின் கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் மணல்! எங்கள் ஊர் மஞ்சளாறு சிற்றாறு; அது வறண்டால் குறை கூற இயலாது. காவேரியுமா இப்படி?

அவனுக்குச் சொன்ன பதிலை நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவேரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். கிழக்கே கல்லணைக்கருகில் இரண்டும் மீண்டும் நெருங்குகின்றன. நடுவே கிடக்கும் சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள நிலப்பகுதியே ஸ்ரீரங்கத் தீவு. ஏழு மதில்கள் சூழ அரங்கநாதர் அங்கே பள்ளிகொண்டிருக்கிறார். அருகே திருவானைக்காவில் சிவபெருமான் நீர் வடிவ லிங்கமாக எழுந்தருளியிருக்கிறார்.

ஆற்று நீர் இத்தீவுக்கு அரணாயிற்றா? 1323-ல் டில்லிப் படை வந்தபோது, பிள்ளை லோகாசாரியரும் அடியார்களும் உற்சவமூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே சென்றார்கள். நம்பெருமாள் திரும்பி வந்தது 1371-ல்தான். 1752-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுத் தளபதி லாவும் இத்தீவில் புகலடைந்தார்கள். ஆங்கிலப் படை வழிகளையெல்லாம் மறித்தது, அரணே சிறையாயிற்று. ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார்.

படைகளினும் பெரிய அபாயம் ஆற்றிலேயே இருந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, வாட்டமும் அதிகம். ஆகவே வெள்ளம் அப்பக்கமே சாய்ந்தது. காவேரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் தண்ணீருக்குத் தவித்தன. இதைத் தடுக்கவே 1836-ல் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்ட முற்பட்டார். மணலின் மேல் அஸ்திவாரமிடும் வித்தையை அவர் எங்கே கற்றார் தெரியுமா? சோழர் எடுத்த கல்லணையைப் பார்த்துத்தான்! நம் முன்னோர் ஆசிரியர். காட்டன் நல்ல மாணாக்கர்.

பாலங்கள் வந்தன. 1994-ல் ஸ்ரீரங்கம் திருச்சி மாநகராட்சியுடன் இணைந்தது. அதன் பிறகு, இது தீவு என்ற நினைவே பலருக்கு மறந்துபோயிற்று. 2018 ஆகஸ்டில் ஆறு அதை நினைவூட்டிற்று. 1928-ல் கட்டிய கொள்ளிடத்து இரும்புப் பாலம், போக்குவரத்து நின்றுபோன நிலையில், வெள்ளத்தில் இடிந்தது. அதே மாதம் 22-ந் தேதி இரவு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

அளவின்றி மணல் அள்ளினால் படுகை இன்னும் தாழும். பாலத் தூண்கள் வேர் தெரியும் மரங்களைப்போல் நிற்கும். கோடையில் வறட்சி, மழையில் உடைப்பு என்ற கதி நமக்கு வேண்டுமா?

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறைக்குக் கூட்டி வந்து தீவைக் காட்டுவதாகப் பேரனுக்கு வாக்களித்திருக்கிறேன். அவ்வாக்கைக் காப்பாற்றுவது என் ஒருவன் கையில் மட்டும் இல்லை.