ரெயிலில் கடந்து போகும் மலையில் ஒரு நாள்
மும்பைத் தமிழர்கள் விடுமுறையில் போய்வர மலையடிவார இடங்கள்

புனே வழியாகத் தமிழ்நாட்டுக்குச் செல்லும் ரெயிலில் ஏறியவர்கள் கர்ஜத் நிலையத்தை மறந்திருக்க மாட்டார்கள். அங்கே வண்டியின் பின்னால் கூடுதல் என்ஜின்கள் பூட்டப்படும். அதற்குள் வடாபாவ் விற்பவர்கள் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கிவிடுவார்கள். பிறகு வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறும். சுரங்கப் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். குழந்தைகள் கூச்சல் போடுவார்கள். லோனாவாலா வந்ததும் காற்று குளிரும்.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் 30, 40 ஆண்டுகளாக வாழ்பவர்கள் இந்த மலையை எத்தனையோ முறை கடந்திருக்கிறார்கள். ஆனால் அங்கே இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. வாரத்தில் கிடைப்பது ஒரு நாள். அன்று துணி துவைக்க வேண்டும், ரேஷனுக்குப் போக வேண்டும், கல்யாண வீட்டுக்குத் தலைகாட்ட வேண்டும். ஊருக்குப் போவது தவிர வேறு பயணம் இல்லை என்று ஆகிவிட்டது. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு மலை என்றால் சினிமாவில் பார்த்ததுதான்.

அதிகச் செலவு இல்லாமல் காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பக்கூடிய இடங்கள் மும்பையைச் சுற்றி உள்ளன. அவற்றில் சில வருமாறு:

வீட்டுக்கு அருகில் கன்னேரி

கையில் அரை நாள்தான் உண்டு என்பவர்கள் போரிவலிக்குப் போகலாம். தாராவிக்காரர்களுக்கு மாகிம் நிலையம் வசதி. போரிவலி நிலையத்தில் இருந்து சற்று தூரத்தில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் வாசல் இருக்கிறது. சுமார் 100 சதுர கிலோ மீட்டர் காடு அது. சிறுத்தைகள் வாழும் காடு, இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவில்!

காட்டுக்குள் கன்னேரி மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் உள்ளன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு காலம் புத்த பிட்சுகள் குடைந்து தங்கிய இடம். மூன்றாம் எண் குகையின் முகப்பில் நிற்கும் புத்தர் சிலைகள் சுமார் 7 மீட்டர் உயரம். குகைக்குக் குகை மழைநீரைப் பிடிக்கத் தொட்டி வெட்டியிருக்கிறார்கள். குடத்துடன் குழாயடியில் காத்து நின்றவர்களுக்கு அந்தத் தொட்டிகளின் அருமை சொல்லாமலே விளங்கும். 1860-ல் கட்டி முடிக்கப்பட்ட விகார் ஏரியும், 1879-ல் முடிக்கப்பட்ட துளசி ஏரியும் இதே காட்டில்தான் உள்ளன. அன்றைய பம்பாய்க்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் தந்தது விகார் ஏரி.

திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. வார ஓய்வு திங்களன்று உள்ளவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நேரலும் மாத்தேரானும்

தாதரிலோ குர்லாவிலோ கர்ஜத் லோக்கல் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் நேரல் வந்துவிடும். மலையின் காலடியில் உள்ள சிற்றூர் அது. அங்கிருந்து மேலே பார்த்தால் தட்டையான உச்சியுடன் ஒரு மலை தெரியும். அதுதான் மாத்தேரான். உயரம் சுமார் 800 மீட்டர். 1850-ல் தானா கலெக்டராக இருந்த ஹ்யூ மாலெட் என்ற ஆங்கிலேயர் இந்த இடத்தைக் கண்டறிந்து வெள்ளைக்காரர்களுக்குக் கோடை வாசஸ்தலம் ஆக்கினார்.

மலைக்குச் செல்லும் குட்டி ரெயில் 1907-ல் ஓடத் தொடங்கியது. ஆதம்ஜி பீர்பாய் என்ற பம்பாய் வணிகரின் பணத்தில், அவர் மகன் அப்துல் உசேன் போட்ட பாதை இது. தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. 21 கிலோ மீட்டர் தூரத்தை வளைந்து வளைந்து ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மும்பையை மூழ்கடித்த 2005 ஜூலை 26-ந் தேதி மழை இந்தப் பாதையையும் அரித்துவிட்டது. 2007-ல்தான் மறுபடி வண்டி ஓடியது. மழைக்காலத்தில் நேரலில் இருந்து இந்த ரெயில் கிடையாது. அப்போது ஷேர் டாக்சியில் தஸ்தூரி வரை சென்று, அங்கிருந்து செம்மண் பாதையில் நடக்க வேண்டும்.

மாத்தேரான் ஊருக்குள் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஆஸ்பத்திரி வண்டிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் மட்டும் விலக்கு. ஹாரன் சத்தமும் புகையும் இல்லாத ஊரில் ஒரு நாள் நடப்பதே மும்பைவாசிக்குப் பெரிய ஓய்வு. எக்கோ பாயிண்ட், லூயிசா பாயிண்ட், சார்லட் ஏரி ஆகியவை நடந்தே பார்க்கக்கூடியவை.

மனிதனை மனிதன் இழுத்த ஊர்

வாகனம் இல்லாத ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. வசதி படைத்தவர்களைக் கை ரிக்ஷாவில் வைத்து மேட்டிலும் பள்ளத்திலும் இழுத்தவர்கள் மனிதர்கள். தமிழ்நாட்டில் கை ரிக்ஷா 1973-ல், மு.கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது ஒழிக்கப்பட்டது. மாத்தேரானில் அது அரை நூற்றாண்டு தாண்டியும் நீடித்தது. 2022 டிசம்பரில் சோதனை முறையில் இ-ரிக்ஷா விடப்பட்டது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, இது மனித கண்ணியத்துக்கு எதிரானது என்று கூறி, ஆறு மாதத்துக்குள் கை ரிக்ஷாவை நிறுத்த உத்தரவிட்டது. இழுத்தவர்களின் பிழைப்பு போகாதபடி அவர்களுக்கு இ-ரிக்ஷா கிடைக்க வழி செய்யவும் சொன்னது. மூட்டை சுமந்தும் கைவண்டி தள்ளியும் மும்பையில் கால் ஊன்றிய குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பின் அருமை தெரியும்.

போர்காட் தந்த பாதை

கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையே ரெயில் ஏறும் கணவாயின் பெயர் போர்காட். 1856-ல் தொடங்கி 1863-ல் முடிந்த வேலை. பாறையைக் குடைந்து 25 சுரங்கங்கள் போடப்பட்டன. உச்சக்கட்டத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூலிகள் உழைத்தனர். காலராவிலும் விபத்திலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல்லும் 1859-ல், இந்தியா வந்த சில வாரங்களில் இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் பொறுப்பேற்று வேலையைத் தொடர்ந்தார். பிறகு 1871-ல் பம்பாய்க்கும் சென்னைக்கும் ரெயில் தொடர்பு ஏற்பட்டது. தமிழர்கள் ரெயிலேறி இங்கு வந்து சேர வழி விட்டது இந்த மலைதான்.

கார்லாவில் பழைய "உபயம்"

லோனாவாலாவில் இருந்து புனே லோக்கலில் அடுத்த நிலையம் மளவலி. அருகில் கார்லா குகை. முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். ஏறியவர்கள் ஏமாற மாட்டார்கள். மலைக்குள் குடைந்த அந்தப் பெரிய மண்டபத்தின் கூரையில் மர வளைவுகள் ஏறத்தாழ 2 ஆயிரம் ஆண்டுகளாக அப்படியே நிற்கின்றன.

அங்குள்ள கல்வெட்டுகள் சுவையானவை. ஊர்க் கோவில் டியூப் லைட்டில் "உபயம்" என்று பெயர் எழுதுவோமே, அதுபோல் கொடுத்தவர்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கொடுத்தவர்களில் வணிகர்கள் உண்டு, பிட்சுகள் உண்டு, யவனர்கள் உண்டு. வாசலைச் செய்த தச்சனின் பெயரும் இருக்கிறது. அரசர் பெயர் நிலைப்பது புதுமை அல்ல. ஒரு தச்சனின் பெயர் இத்தனை காலம் நிலைத்திருப்பது அபூர்வம். குகை வாசலிலேயே மும்பை கோளி மீனவர்களின் தெய்வமான ஏக்வீரா தேவியின் கோவிலும் உள்ளது.

அருவியில் எச்சரிக்கை

ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை முழுவதும் அருவிகள். நெல்லைக்காரர்களுக்குக் குற்றால நினைவு வரும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் போலீசார் குளிக்கத் தடை போடுவார்கள். அங்கேயே 2024 மே மாதம் பழைய அருவியில் திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவன் உயிரிழந்தான். இங்கே காட்டருவிகளில் தடுக்கக்கூட ஆள் இல்லை. 2024 ஜூன் 30-ந் தேதி லோனாவாலா பூசி அணை அருகே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேரை வெள்ளம் அடித்துச் சென்றது. மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கி வந்தாலோ, சத்தம் கூடினாலோ உடனே கரை ஏறிவிட வேண்டும். பிள்ளைகளைப் பாறை மேல் நிறுத்திப் படம் பிடிப்பது ஆகாது.

மலைச்சரிவும் உண்டு. 2023 ஜூலை 19-ந் தேதி இரவு ராய்கட் மாவட்டம் இர்சால்வாடியில் மண் சரிந்து ஆதிவாசிக் குடியிருப்பு புதைந்தது. 27 உடல்கள் எடுக்கப்பட்டன. காணாமல் போனவர்கள் 50-க்கும் மேல். பலத்த மழை எச்சரிக்கை வந்த நாளில் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவதே நல்லது.

புறப்படும் முன்

முதல் முறை போகிறவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டால் ஓட்டல் செலவு மிச்சம். மாத்தேரானில் குரங்குகள் பையைப் பறிக்கும், பொட்டலத்தைக் கையில் தொங்கவிடக் கூடாது. நடக்க நல்ல செருப்பு வேண்டும். திரும்பும் லோக்கலின் நேரத்தை இறங்கியவுடனேயே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் மாலை ஐந்து மணிக்கெல்லாம் நேரல் நிலையத்துக்கு வந்துவிடுவது உத்தமம்.